மேற்படி கோமதிநாயகம்

ஆலடிப்பேரியில் முதலில் ஒரே ஒரு கோமதிநாயகம்தான் இருந்தார். போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே வேப்பமர நிழலில் தேய்ப்பு வண்டி போட்டு, கரிப்பெட்டியை ஊதி ஊதிக் கண் சிவந்து, காக்கிச் சட்டைக்கும் பள்ளிக்கூடச் சீருடைக்கும் கல்யாண வேட்டிக்கும் ஒரே மாதிரி மடிப்பு எடுத்துக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் அவர் பாட்டுக்கு இருந்தார். அவர் செய்த தப்பு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், ஸ்டேஷன் வாசலிலிருந்து கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில் வண்டியைப் போட்டதுதான்.

சாராயமோ கஞ்சாவோ திருட்டுச் சாமானோ, போலீஸ் எதைக் கைப்பற்றினாலும், கைப்பற்றிய இடத்தில் பொதுஜனத்தில் இரண்டு பேர் நின்று பார்த்ததாக மகஜர் என்ற பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று இருக்கிறது. பொதுஜனமோ ஜீப்பைக் கண்டதும் பக்கத்துச் சந்தில் நுழைந்துவிடும். எனவே ஏட்டையா ஸ்டேஷன் வாசலில் நின்று, "அண்ணாச்சி, ஒரு நிமிசம் வந்துட்டுப் போங்க" என்பார். கோமதிநாயகம் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ரோட்டைக் கடந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கரி அணைவதற்குள் திரும்பிவிடுவார். இரண்டாவது ஆளாக அன்றன்றைக்கு யாராவது அகப்படுவார்கள். முதல் ஆள் எப்போதும் இவர்தான். பிறகு வருஷக் கணக்கில் கழிந்து ஒரு நாள் கோர்ட் வராந்தாவில் டவாலி அவர் பெயரை மூன்று தரம் கூவ, கூண்டேறி, கடவுள் அறிய உண்மையே சொல்வதாகச் சத்தியம் செய்து, "மேற்படி விலாசத்தில் குடியிருந்து இஸ்திரி போட்டு வருகிறேன், சம்பவத்தன்று அவ்வழியாகத் தற்செயலாகச் சென்றுகொண்டிருந்தேன்" என்று ஆரம்பித்துக் கடைசிவரை ஒப்பிப்பார். அவர் தற்செயலாகப் போகாத இடம் எங்கள் தாலுகாவிலேயே இல்லை.

ரயில்வே கேட்டுக்கு மேற்கே நடந்ததாகப் போட்ட சாராய வழக்கு ஒன்றில் அவர் சாட்சி சொல்லி, சொன்னதை டைப் அடித்துப் படித்துக் காட்டி, கையெழுத்தும் வாங்கி முடித்த மத்தியானத்தில், பாசஞ்சர் ரயிலுக்காக கேட்டை மூட வந்த கேட் கீப்பர், கேட்டுக்கு மேற்கே கோமதிநாயகம் நிற்பதைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, இந்த வெயில்ல?" என்று கேட்டார்.

"மேற்படி விலாசத்தில் குடியிருந்து இஸ்திரி போட்டு வருகிறேன்" என்று தொடங்கி, வலது கையில் மஞ்சள் நிற பிளாஸ்டிக் கேனுடன் எதிரி ஓடிவந்தது வரைக்கும் சொல்லி முடித்துவிட்டு அவர் மறுபடி ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார். ரயில் வந்து போனது. கேட் கீப்பர் சாயங்காலம் சட்டை வாங்க ஸ்டேஷன் பக்கம் வந்தபோது, அங்கே கோமதிநாயகம் அவருடைய சட்டைக்கே காலர் தேய்த்துக்கொண்டிருந்தார். "ஒங்கள கேட்டுகிட்ட பாத்தேன்" என்றார் கேட் கீப்பர். "அப்படியா" என்றார் கோமதிநாயகம். சட்டை சூடாக இருந்ததால் அதைத் தோளில் போடாமல் கையில் பிடித்துக்கொண்டு கேட் கீப்பர் வீட்டுக்குப் போனார்.

அதன் பிறகு சினிமாக் கொட்டகையின் பின்சுவரோரம் ஒருவர், உழவர் சந்தை வாசலில் ஒருவர், பழைய கள்ளுக்கடைச் சந்தில் ஒருவர், கல்லூரி விடுதிக்கு எதிரே ஒருவர் என்று அவர்கள் வந்து வந்து நின்றார்கள். வெயிலுக்கு ஒதுங்கவில்லை, மழைக்கு நகரவில்லை, சாப்பாடு கேட்கவில்லை, வயதும் ஏறவில்லை. யாராவது ஏதாவது கேட்டால் மட்டும் மேற்படி விலாசத்திலிருந்து ஆரம்பித்தார்கள். அதனால் ஊரில் அவர்களுக்கு மேற்படியார் என்று பெயர் விழுந்தது. மினி பஸ் கண்டக்டர் "மேற்படியார் எறங்கு" என்று விசிலடித்தார். சந்தை வாசல் மேற்படியாரின் தோளில் வாழைக்காய் வியாபாரி தராசைத் தொங்கவிட்டார். தேர்தல் வந்தபோது இரண்டு கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு பக்கமாக அவர் முதுகிலும் நெஞ்சிலும் நோட்டீஸ் ஒட்டி, தேர்தல் முடிந்ததும் கிழிக்காமல் போனார்கள். ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கிறவர் என்பதால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னால் ரயில்வே கேட் மேற்படியாருக்கு விபூதி பூசி, சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அதில் பாஸானவர்கள் மேற்படியாராலும், பெயிலானவர்கள் படிக்காததாலும் அப்படி ஆனதாக எங்கள் ஊரில் கணக்கு.

ஒரே ஒரு தடவைதான் பிரச்சினை வந்தது. வாய்க்கால் படித்துறையில் ஒரு அடிதடி வழக்கு. அதற்கு இவர் சாட்சி. படித்துறையைப் பார்த்தபடி ஒரு மேற்படியார் வந்து நின்றுவிட்டார். பெண்கள் குளிக்கிற இடம். திருப்பி நிறுத்தலாம் என்று இளவட்டங்கள் நாலு பேர் இழுத்துப் பார்த்தார்கள், கிழக்கே பார்த்து நின்றதாகச் சத்தியம் செய்திருந்ததால் அவர் கிழக்கேதான் பார்த்தார். கடைசியில் கோமதிநாயகத்தின் மனைவி உலகம்மாள் தன்னுடைய பழைய சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அவர் தலை வழியாகப் போர்த்தி, காற்றில் பறக்காமல் இடுப்பில் ஒரு கயிற்றையும் கட்டிவிட்டு வந்தாள். "வீட்ல இருக்கவரயும் இப்பிடிப் போத்தி வச்சிருந்தா இந்தப் பாடு வந்துருக்காது" என்று படித்துறையில் இருந்த பெண்களிடம் சொன்னாள்.

இதற்கு ஒரு விதி இருப்பதை ஊர் சீக்கிரமே கண்டுகொண்டது. ஒரு தடவை அவர் கண்ணெதிரிலேயே, தேய்ப்பு வண்டிக்கு முன்னால், லாரி ஒன்று பசுமாட்டை அடித்துவிட்டுப் போக, அதற்கும் சாட்சி சொன்னார். அந்த இடத்தில் யாரும் வந்து நிற்கவில்லை. அவர்தான் நிஜமாகவே அங்கே இருந்தாரே, இன்னொருவர் எதற்கு? அவர் இல்லாமல் போன இடங்களில்தான் மேற்படியார் வந்து அந்தக் குறையை நிரப்பினார். ஆக, மேற்படியார் நிற்கிற இடமெல்லாம் அண்ணாச்சி பொய் சொன்ன இடம் என்று பால்காரர் முதல் பாங்க் மேனேஜர் வரை எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன? அகப்பட்டவர்கள் சாராயம் விற்றவர்கள், சாராயத்தை நிஜமாகவே விற்றவர்கள். பிடித்த இடம் வேறாக இருக்கலாம், பிடித்த நேரம் வேறாக இருக்கலாம், கேனின் நிறம் மஞ்சளாக இல்லாமலும் இருக்கலாம் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

அப்படி விட்டுக்கொண்டே வந்ததில் ஒரு நாள் தாசன் அகப்பட்டான்.

தாசன் மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை பார்க்கிறவன். காயில் சுற்றுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாதவன். பெரிய பண்ணையார் ஒருவரின் தோட்டத்தில் பம்புசெட் மோட்டார் காணாமல் போய், பண்ணையார் தினமும் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணி, புதிதாக வந்த இன்ஸ்பெக்டருக்குச் சாப்பாடு இறங்காமல் போனபோது, மோட்டாரைத் தொட்டுப் பிழைக்கிறவன் என்ற ஒரே யோக்கியதையில் தாசனைத் தூக்கிவந்து உட்காரவைத்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் பேரிக்குளத்தின் கரையில், தாசன் தானாக முன்வந்து ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்து, உடைமரப் புதருக்குள்ளிருந்து மோட்டாரை எடுத்துக் கொடுத்ததாக மகஜர் எழுதினார்கள். மோட்டார் எங்கேயிருந்து வந்ததென்று மோட்டாருக்கும் இன்ஸ்பெக்டருக்கும்தான் தெரியும். ஏட்டையா கூப்பிட்டார். கோமதிநாயகம் ரோட்டைக் கடந்தார். பின்னால் கோர்ட்டில் அரசு வக்கீல் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் வழக்கம்போல ஒப்பித்தார். குறுக்கு விசாரணைக்கு வேறொரு நாள் போட்டார்கள். அன்று சாயங்காலம் குளத்தங்கரையில் உடைமரத்துக்குப் பக்கத்தில் ஒரு மேற்படியார் நின்றார்.

அவரை முதலில் பார்த்தது தாசனின் மனைவி ஸ்டெல்லா. ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போனவள் பார்த்துவிட்டு, ஒடித்ததை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பினாள். மறுநாள் ஒரு வெள்ளைச் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு தேய்ப்பு வண்டிக்கு வந்தாள். ஜாமீனில் வெளியே இருந்த தாசனுக்கு வாய்தாவுக்கு உடுத்த இருந்தது அந்த ஒரு சட்டைதான், அவன் கல்யாணச் சட்டை.

"அண்ணாச்சி, இத நல்லாத் தேச்சுத் தாங்க. வியாழக்கெழம வாய்தா."

கோமதிநாயகம் வாங்கி விரித்து, தண்ணீர் தெளித்தார்.

"நேத்துக் கொளத்தங்கரையில ஒங்களப் பாத்தேன்" என்றாள் ஸ்டெல்லா. "நின்னுட்டிருந்தீங்க. ஒரு கும்புடு போட்டுட்டு வந்தேன்."

அவள் திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். மண்ணை வாரித் தூற்றியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவளோ சட்டை தேய்க்கும் வரை வேப்பமர நிழலில் பேசாமல் நின்று, வாங்கிக்கொண்டு, "வாரேன் அண்ணாச்சி" என்று போய்விட்டாள். அடுத்த வாய்தாவுக்கும் அதே சட்டை வந்தது, அதற்கடுத்த வாய்தாவுக்கும் வந்தது. தான் ஜெயிலுக்கு அனுப்பப்போகிறவனின் சட்டைக்குத் தானே மடிப்பு எடுத்துக் கொடுப்பதை கோமதிநாயகத்தால் தாங்க முடியவில்லை. ராத்திரிச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதார்.

"அழுது என்னத்துக்கு?" என்றாள் உலகம்மாள். "குறுக்கு விசாரணை பாக்கி இருக்குல்லா. ஏறி உள்ளதச் சொல்லுங்க."

"இன்ஸ்பெக்டர் சும்மா விடமாட்டாரு."

"இதுவரைக்கும் ஸ்டேஷன்காரங்க ஒங்களச் சும்மா விட்டுத்தான் இத்தன எடத்துல நிக்க வச்சிருக்காங்களோ?"

குறுக்கு விசாரணை நாளில், தாசனின் வக்கீல் ரூபவதி கேட்ட முதல் கேள்விக்கே கோமதிநாயகம் சொல்லிவிட்டார்: அன்றைக்குப் பதினொரு மணிக்கு அவர் குளத்தங்கரைக்குப் போகவில்லை, வண்டியில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தார், மகஜரில் ஸ்டேஷனில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கூண்டில் நின்று ஒன்றை ஒப்பிக்காமல் சொல்வது அவருக்குப் புதிதாக இருந்தது, நாக்கு தடுமாறியது, இருந்தாலும் சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. கடைசி பெஞ்சில் ஸ்டெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அரசு வக்கீல் எழுந்து, சாட்சி பிறழ் சாட்சியாகிவிட்டார் என்றார். "கனம் நீதிபதி அவர்களே, இவர் குளத்தங்கரையில் இல்லை என்கிறார். ஆனால் இவர் குளத்தங்கரையில் இப்போதும் நின்றுகொண்டிருக்கிறார். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்."

ரூபவதி உள்ளூர்ப் பெண். மேற்படியார் எங்கே நிற்கிறாரோ அங்கே சாட்சி இருந்ததில்லை என்பதுதான் அர்த்தம், இது ஊரறிந்த விஷயம் என்று வாதாடினார். ஊரறிந்தது சாட்சியமாகாது, ஊரில் ஒருவர் வந்து கூண்டில் சொல்லட்டும் என்றார் அரசு வக்கீல். ரூபவதி கேட் கீப்பரைக் கேட்டார், அவருக்கு டியூட்டி இருந்தது. கண்டக்டரைக் கேட்டார், அவருக்கு டிரிப் இருந்தது. வாழைக்காய் வியாபாரிக்கு வாய்தா வாய்தாவாக அலைய முடியாது. பாங்க் மேனேஜருக்கு மாற்றல் வருகிற மாதிரி இருந்தது. தவிர, சத்தியம் செய்து ஏதாவது ஒரு வார்த்தை பிசகினால் நாமும் எங்கேயாவது போய் நிற்கவேண்டி வருமோ என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. தாசன் நிரபராதி என்பது மேற்படியார் குளத்தங்கரையில் வந்து நின்ற அன்று சாயங்காலமே ஊர் முழுக்கத் தெரியும். டீக்கடையில் அதை அடித்துப் பேசினோம்.

நீதிபதி அம்மாள் வெளியூர்க்காரர், நேர்மையானவர், எதையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். ஸ்தலத்தை நேரில் பார்ப்பதென்று முடிவானது. பெஞ்ச் கிளார்க், இரண்டு வக்கீல்கள், இன்ஸ்பெக்டர், கோமதிநாயகம் எல்லோரும் அவருடன் குளத்தங்கரைக்குப் போனார்கள். அங்கே உடைமரத்துக்குப் பக்கத்தில் மேற்படியார் நின்றார். அவர் தலையில் கொக்கு எச்சமிட்டிருந்தது. நீதிபதி ஒரு கேள்வி கேட்டதும், அவர் மேற்படி விலாசத்திலிருந்து ஆரம்பித்து, தாசன் தானாக முன்வந்தது, புதரை விலக்கியது, மோட்டாரின் சீரியல் நம்பர் வரைக்கும் ஒரு இடத்திலும் திக்காமல் சொன்னார். தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு கோமதிநாயகம் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"இனி, சாட்சி தான் இருந்ததாகச் சொல்லும் இடத்தையும் பார்த்துவிடலாம்" என்றார் நீதிபதி.

எல்லோரும் தேய்ப்பு வண்டிக்கு வந்தார்கள். வேப்பமரம் இருந்தது, வண்டி இருந்தது, அணைந்த பெட்டி இருந்தது. அங்கே யாரும் இல்லை.

"இங்கே யாரும் நிற்கவில்லையே" என்றார் நீதிபதி.

"நாந்தாம்மா நின்னேன். நான் இப்போ ஒங்ககூட வந்துருக்கேன்" என்றார் கோமதிநாயகம்.

நீதிபதி சுற்றிலும் ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். பிறகு கிளார்க்கிடம், "தேய்ப்பு வண்டி அருகில் எவரும் காணப்படவில்லை" என்று சொல்லி எழுதவைத்தார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். அன்று மத்தியானமே ஸ்டேஷன் காக்கிகள் மூட்டையாக இன்னொரு தேய்ப்புக்காரருக்குப் போயின.

ஒரு ஆள் முதல் தடவையாக உண்மையைச் சொல்லி, அந்த உண்மைக்குப் பக்கத்தில் நிற்க ஒரு நாதியில்லாமல் வீட்டுக்கு வந்து படுத்தால் எப்படியிருக்குமோ அப்படித்தான் அவர் இருந்தார். உலகம்மாள் அவருக்குத் தலைமாட்டில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தாள்.

"உள்ளதச் சொன்னா ஒருத்தரும் வந்து நிக்க மாட்டங்கான்" என்றாள். "அப்பம் நிக்கிற மாதிரி ஒண்ணச் சொல்லுங்க. அந்தம்மா கண்ணுக்கு முன்னாடியே நிக்கிற மாதிரி."

"பழையபடி பொய்யா?"

"எத்தனையோ பொய்ய ஏட்டையாவுக்காகச் சொன்னீங்க. ஒண்ண அந்தப் பிள்ளைக்காகச் சொல்லக் கூடாதா?"

இனிமேல் பொய் சொல்லாமல் செத்துப் போகலாம் என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, அதை விட்டுக்கொடுப்பது கஷ்டமாக இருந்தது.

ரூபவதி மனுப் போட்டு அவரை மறுபடி கூண்டுக்கு அழைத்தார். டவாலி மூன்று தரம் கூவினார். கோமதிநாயகம் சத்தியம் செய்தார். "சம்பவத்தன்று காலை பதினொரு மணிக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று ரூபவதி கேட்டார், வண்டியில் இருந்தேன் என்ற பதிலை எதிர்பார்த்து.

கோமதிநாயகம் கடைசி பெஞ்சைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் தாசன் நின்றான்.

"மேற்படி விலாசத்தில் குடியிருந்து இஸ்திரி போட்டு வருகிறேன்" என்று அவர் ஆரம்பித்தார். "சம்பவத்தன்று காலை பதினொரு மணிக்கு வேறொரு வழக்கு சம்பந்தமாக இதே கோர்ட்டுக்கு வந்திருந்தேன். கடிகாரத்துக்குக் கீழே இருக்கிற பெஞ்சில், சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு மணி வரைக்கும் எழுந்திருக்கவில்லை."

அரசு வக்கீல் சிரித்தார். கிளார்க் டைப் அடித்ததைப் படித்துக் காட்டி நீட்ட, கோமதிநாயகம் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடுவதற்குள், கடிகாரத்துக்குக் கீழே, சுவரோரமாக, கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கோமதிநாயகம் உட்கார்ந்திருந்தார். அந்த பெஞ்சில் ஏற்கெனவே இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள்.

நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவரையே பார்த்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு நீதிபதி நாற்காலியில் இருந்ததும் அந்த அம்மாள்தான். பெஞ்சில் யார் யார் இருந்தார்கள் என்று எந்த நீதிபதிக்கு நினைவிருக்கும்? உட்கார்ந்திருக்கவில்லை என்று எழுதினால், தன் கோர்ட்டில் தன் கண்ணெதிரில் உட்கார்ந்திருக்கிற ஒருவரை இல்லை என்று எழுத வேண்டும். அதை எழுதிவிட்டுக் குளத்தங்கரையில் இருப்பவரை மட்டும் எப்படி உண்டு என்று எழுதுவது? உட்கார்ந்திருந்தார் என்று எழுதினாலோ குளத்தங்கரையே இல்லை. மூன்றாம் நாள் தீர்ப்பு வந்தது. சாட்சி ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் காணப்படுவதால் சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை செய்வதாகவும், கோர்ட்டின் மாண்பைக் குளத்தங்கரையின் மாண்புக்குக் குறைவாக மதிப்பிட இயலாது என்றும் அதில் இருந்தது. தேய்ப்பு வண்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பொய்ச்சாட்சி சொன்னதற்காக நடவடிக்கை எடுக்க ஒரு நோட்டீஸும் போட்டார்கள். எந்த கோமதிநாயகத்திடம் கொடுத்துச் சார்வு செய்வதென்று தெரியாமல் கோர்ட் அமீனா அதை எடுத்துக்கொண்டு இன்றுவரை குளத்தங்கரைக்கும் கோர்ட்டுக்குமாக நடக்கிறார்.

ஊர் தாசனைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. முதலிலேயே தெரியும் என்று எல்லோரும் அவனிடம் தனித்தனியாகச் சொன்னோம். கோர்ட் மேற்படியாரும் சீக்கிரம் பழகிப் போனார். சாட்சி சொல்ல வருகிறவர்களை வக்கீல்கள் அவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, எப்படி உட்கார வேண்டும் என்று காட்டுகிறார்கள்.

ஒரு காலையில் தாசனே சட்டையை எடுத்துக்கொண்டு தேய்ப்பு வண்டிக்கு வந்தான். காக்கிகள் இல்லாததால் வண்டியில் துணி குறைவாக இருந்தது.

"வாய்தா ஒண்ணும் இல்லையே" என்றார் கோமதிநாயகம்.

"இல்ல அண்ணாச்சி. கோயிலுக்குப் போறோம்." அவன் சட்டையை வண்டியில் வைத்தான். "அன்னைக்குப் பதினோரு மணிக்கு நெசமா எங்க இருந்தீங்க?"

"இங்கனதான். இந்தா, இதே எடத்துல." அவர் பெட்டியால் தரையைக் காட்டினார். "நீ?"

"எங்க கடையிலதான். காயில் சுத்திட்டு இருந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். அவன் சொன்னதை அவர் நம்பினார், அவர் சொன்னதை அவன் நம்பினான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்டேஷன் வாசலில் ஏட்டையா வந்து நின்று, கையை உயர்த்தி யாரையோ கூப்பிட்டார். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஏட்டையா கூப்பிட்டது, வேப்பமரத்துக்கு அடுத்தாற்போல் புதிதாக இளநீர்க் கடை போட்டிருந்த பையனை.

"தம்பி, ஒரு நிமிசம் வந்துட்டுப் போ."

பையன் அரிவாளை இளநீர்க் குலை மேல் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். கோமதிநாயகம் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, போய் அவன் கையைப் பிடித்தார்.